முதலைக்குக் கட்டிய பல்செட்

ஒரு காட்டில் மான்களெல்லாம் சேர்ந்து ஒரு முதலையைப் போற்றி வந்தன என்றால் நம்பமாட்டீர்கள். என்றைக்கோ ஒரு குட்டி கால் வழுக்கி அதன் வாயில் விழுந்த அன்று சாயங்காலம் நல்ல மழை. அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு குட்டியைக் குளிப்பாட்டி, பூச்சூட்டி, ஆற்றுத் துறையில் கொண்டுபோய் விடுவது வழக்கமாகிவிட்டது. மழை சில வருஷம் வரும், சில வருஷம் வராது. குட்டி மட்டும் தவறாமல் போகும்.

இந்த வருஷம் செவலி வீட்டு முறை. செவலிக்கு இருப்பதே ஒரு குட்டிதான். அழுதுகொண்டே கூட்டிப்போனாள். முதலை வாயைத் திறந்து காட்டியது. உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"போ தாயி. கஞ்சி குடிக்கவே தாடை நோகுது. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரு."

செவலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பின்னால் நின்ற பெரியவர் கொம்பையா விடவில்லை.

"அதெப்படி? பல்லு விழுந்துருச்சுன்னு பெரியவங்க வச்ச வழக்கத்தை விட்டுர முடியுமா?"

"நான் மூணு குட்டி கொடுத்தவ," என்றாள் செவலியின் மாமியார். "என் வயிறு மட்டும் என்ன கல்லா? மகாராணிக்கு மட்டும் தனிச் சலுகையோ?"

மறுநாள் கூட்டமே முதலையைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டர் குரங்கிடம் போனது. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, நரிக்கு அடுத்தபடியாக உள்ளே போனார்கள்.

"நல்லாக் கூரா வைங்க டாக்டர்," என்றார் கொம்பையா. "இளங்குட்டி. எலும்பு கிலும்பு சிக்கி, பாவம், முதலைக்கு ஏதும் ஆயிரக்கூடாது."

தாடையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார் டாக்டர். இந்த வருஷத்துக்காரி என்று செவலியைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தபடியே அவள் முதலையின் காதோடு சொன்னாள்: "ஐயா, எங்கயாவது ஓடிப்போயிருங்க."

முதலை கண்ணை மூடித் திறந்தது.

திரும்பும் வழியில் ஆறு தெரிந்ததும், பல்செட்டைத் துப்பிவிட்டுத் தண்ணீரில் பாய்ந்துவிட்டது. "பிடி! விடாதே!" என்று மான் கூட்டம் கரையோடு துரத்தியது. முதலை தப்பிப் பிழைத்தது ஏதோ அது செய்த புண்ணியம்.

சாயங்காலம் செவலி வீட்டில் துக்கம் விசாரிக்கக் கூட்டம். "பூ வச்சு அனுப்பின பிள்ளை இப்படி முழுசாத் திரும்பி வந்துருச்சேடி!" என்று கட்டிக்கொண்டு அழுதார்கள். செவலி குட்டியின் முதுகில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நல்ல மழை பிடித்துக்கொண்டது. கொம்பையா நனைந்தபடியே, பல்செட்டை வாயில் கவ்விக்கொண்டு, அது பொருந்துகிற முதலையைத் தேடி அடுத்த ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நீதி: ஊர் வழக்கம் நிலைக்க வேண்டுமானால் முதலையின் பல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். மானைப் பற்றிக் கவலை வேண்டாம். அது தானாக வந்து வரிசையில் நிற்கும்.