நீங்கள் மலிவு என்று எழுதிய வீடு

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சட்டைக் காலர் தைத்துப் பிழைக்கிறவள் வணக்கத்தோடு எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டாரும் வாடகை ஏறாமல் நலமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாவதுவரை படித்தவள். பிழை இருந்தால் உங்கள் ஆட்களை விட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன், குறைந்த வாடகை, நிம்மதியான வாழ்க்கை என்று எங்கள் பகுதியைப் பற்றி அரைப் பக்கம் போட்டீர்கள். இங்கே இருப்பவர்கள் உழைப்பாளிகள், வீட்டுக்குச் சராசரி மூன்றரைப் பேர் என்றும் எழுதியிருந்தது. அந்த அரை ஆளைத் தெருவே தேடிவிட்டது. என் வீட்டில் இருந்தது இரண்டு பேர். குழாய் ரிப்பேர் செய்கிற என் கணவர் இரண்டு மாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி நானும் தையல் மெஷினும்.

பேப்பர் வந்த மறுநாளே ஓனர் வந்து நின்றார். "அக்கா, நம்ம ஏரியா மலிவுன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க. இனிமே மலிவா விட முடியுமா?" என்றார். வாடகை இரண்டு மடங்காம், இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம். அன்றிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவர் சுவரைத் தட்டுகிறார், ஒருவர் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார், ஒரு புதுப்பெண் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி டேப் பிடித்து, "ஃப்ரிட்ஜ் இங்க நிக்கும்ல?" என்று புருஷனைக் கேட்கிறாள். ஃப்ரிட்ஜ் நிற்கும், நான் எங்கே போய் நிற்பது ஐயா?

அந்த நேரம் பார்த்துச் சுவருக்குள் டக் டக் என்று கேட்டது. மாடியில் குழாயை மூடினால் எங்கள் சுவரில் கேட்கும். ஊர்க் குழாயெல்லாம் சரி செய்தவர் இதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று வைத்துவிட்டுப் போனார். "என்ன சத்தம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு என்ன வந்ததோ, "எங்க வீட்டுக்காரர்தாம்மா. இந்த ரூம்லதான் உயிர் போச்சு. பாதியில விட்ட வேலையை இன்னும் பாத்துட்டிருக்காரு" என்றேன். டேப்பைக்கூடச் சுருட்டாமல் ஓடினார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லாரிடமும் அதையேதான் சொல்கிறேன். ஒருவர் மட்டும், "அப்ப வாடகை குறைப்பாங்களா?" என்று கேட்டார்.

திருத்தம் கேட்கிறவள் பொய் சொல்லக் கூடாது. அவர் உயிர் போனது ஆஸ்பத்திரியில். இது ஓனருக்கும் தெரியாது, உடலை எடுக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். கடைசி மூன்று நாளும் என் வீட்டுக்காரர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று நான் சொன்னேன்.

இன்று சாயங்காலம் முன்பணத்தோடு ஒருவர் வருகிறாராம். எங்கள் பகுதி மலிவில்லை, நிம்மதியும் இல்லை என்று அதே அரைப் பக்கத்தில் போடுங்கள். என் பொய்யையும் சேர்த்தே போடுங்கள். உங்கள் பிள்ளைகுட்டிகள் சொந்த வீட்டில் வாழட்டும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டில் இன்றுவரை இருப்பவள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஓனரும் முன்பணம் தருகிறவரும் வந்துவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. முன்பணத்தை எண்ணும்போது சுவருக்குள் டக் டக். வந்துபோனவர்கள் சொன்னது ஓனர் காதுக்கும் எட்டியிருக்கும் போல; முகம் வெளுத்து, "இன்னும் ரிப்பேர் முடியலையா அக்கா?" என்று அவரே கேட்டுவிட்டார். வந்தவர் ஓனர் முகத்தைப் பார்த்தார், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். ஓனர் வாசலிலேயே நின்று, "பழைய வாடகையே குடுங்க. நான் கெட்டவன் இல்லன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

ஆகையால் ஐயா, மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். முக்கியமாக ஆஸ்பத்திரி விஷயத்தை. நான் சொன்ன பொய்யில்தான் அவர் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். மறுபடியும் அங்கே அனுப்பிவிடாதீர்கள். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர்.