சேமக்காலையில் வைத்த நகைக்குக் காப்புறுதி கோரல்

பேசாலை,
1991 கார்த்திகை 14

முகாமையாளர் அவர்கட்கு,
வீட்டுப் பொருள் காப்புறுதிப் பகுதி, கொழும்பு.

பெருமதிப்புக்குரிய ஐயா,

நானும் மனைவி சிசிலியாவும் மகள் அன்ரோனெற்றும் மடு மாதாவின் தயவால் இதுவரை உயிரோடு இருக்கிறோம். தாங்களும் தங்கள் கந்தோரில் உள்ளோரும் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறேன். காப்புறுதியைப் புதுப்பிக்கும்படி தாங்கள் அனுப்பிய நாலு பக்கப் படிவம் இரண்டு மாதம் கழித்து, மூன்று இடத்தில் பிரித்து மூன்று இடத்தில் ஒட்டப்பட்ட நிலையில் கிடைக்கப்பெற்றேன். புகையிரதப் பகுதியில் முப்பத்தொரு வருடம் சாமான் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவன் நான். எந்தப் படிவமும் என்னை மடக்கியதில்லை. இது மடக்கிப்போட்டுது.

முதலாவது, வீட்டில் உள்ள பொருட்களின் நிலை. அலுமாரி ஒன்று, இருக்கிறது, கதவு இல்லை, கதவு நாங்கள் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்கு மேல் கிடக்கிறது. கதிரை ஆறில் மூன்று அடுப்புக்குள் போய்விட்டது. யுத்தம், கலகம், குண்டு வெடிப்பு ஆகியவற்றால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று படிவத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்ப ஐயா, மன்னாரில வேற எதால ஒரு பொருள் அழியும் எண்டு நினைக்கிறியள்? வெள்ளம் வந்தா எங்களுக்குக் கொண்டாட்டம், குடிக்கத் தண்ணி கிடைக்கும். கள்ளன் எண்டு பேர் எடுத்த ஏரம்பு முதல் வள்ளத்திலேயே இராமேஸ்வரத்துக்குப் போயிட்டான். அவனாவது ஊரில இருந்திருந்தா களவுக்கெண்டு ஒரு அளவு இருந்திருக்கும்.

இனி நகை. அன்ரோனெற்றின்ர கலியாணத்துக்கெண்டு சேர்த்த அட்டியல் ஒண்டு, காப்பு ஆறு, பதக்கச் சங்கிலி ஒண்டு, தோடு ஒரு சோடி, எல்லாமாப் பதினெட்டுப் பவுண். நகை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பூட்டு உண்டா எண்டு கேட்டிருக்கிறியள். பொய் எழுத எனக்கு வராது. நகை எங்கட கோயில் சேமக்காலையில, கடற்கரைப் பக்க மதிலோட, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள, மண்ணுக்குக் கீழ மூண்டடியில இருக்கு. செத்த மனுசரைப் புதைக்கிற இடத்தில நகையை ஏன் தாட்டனீர் எண்டு கேப்பியள். சுற்றிவளைப்பு வந்தா நாங்கள் எல்லாரும் வீட்டைத் திறந்தபடி போட்டிட்டுக் கோயில் வளவில போய்க் குந்தவேணும். திரும்பி வந்து பாத்தா சில சாமான் இருக்காது. ஆர் எடுத்தது எண்டு எழுதமாட்டன், கடிதம் உங்கட கைக்கு வரமுதல் ஆர் ஆரோ பிரிப்பினம். வீட்டு வளவுக்குள்ள தாட்டா ஈட்டியால குத்திப் பாக்கினம். சேமக்காலையில ஒருத்தரும் குத்தாயினம். அதால ஆடி மாசம் ஒரு விடியப்புறம் போய்த் தாட்டன். மேல ஒரு குருசு நட்டன். குருசு செய்த கட்டை தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை, அரசாங்கச் சொத்துத்தான், அதையும் ஒப்புக்கொள்ளுறன். ஒரு பேரை எழுதினாப் பொய், அதால பேர் எழுதேல்லை.

அந்தப் பேர் எழுதாத புத்திதான் ஐயா என்னை இண்டைக்குக் கழுத்தறுக்குது.

எங்கட ஊரில லூசியா எண்டு ஒரு கைம்பெண். ஒரே மகன் சிங்கராசா. சித்திரையில கடலுக்குப் போனவன் வரேல்லை, வள்ளம் மட்டும் ஓட்டையோட கரை ஒதுங்கினது. நான் குருசு நட்டு ஒரு கிழமையில லூசியா அதுக்கு முன்னால முழந்தாளில நிக்கிறா. கரை ஒதுங்கின பிள்ளையை ஆரோ புண்ணியவான் பயத்தில சொல்லாமத் தாட்டிருக்கினம், அதுதான் பேரில்லை எண்டு ஊரெல்லாம் கதை. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளிச்சார். ஆத்துமாக்கள் திருநாளுக்கு என்ர மகளின்ர அட்டியலுக்கு நாப்பது மெழுகுதிரி கொளுத்தினவை. நானும் நிண்டு செபம் சொன்னனான். என்ன செய்ய, வாய் தன்ர பாட்டில சொல்லுது, சிசிலியா பின்னால நிண்டு என்ர முதுகைக் கிள்ளுறா. பேர் எழுதித் தரவோ எண்டு சுவாமி கேட்டதுக்கு லூசியா, "பொறுங்கோ சுவாமி, பிறகு பாப்பம்" எண்டிட்டா. அந்தமட்டில தப்பினன்.

காவல் ஏற்பாடு உண்டா எண்டும் கேட்டிருக்கிறியள். உங்கட கொழும்பு வங்கியளிலயும் இப்பிடி இராது. விடிய ஆறு மணிக்கு வந்தா லூசியா ஊரடங்குக்குத்தான் எழும்புவா. அதுக்குப் பிறகு எதிர்ச் சந்தியில ஆமிக் காவலரண். கள்ளன் மட்டுமில்லை, சொந்தக்காரனும் கிட்டப் போகேலாது. தையில கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் நத்தாருக்கு முன்னம் நகையைக் கண்ணால பாக்கவேணுமாம். காட்டாட்டிக் கலியாணம் இல்லை. என்ர பிள்ளைக்கு இருபத்தொன்பது வயசு ஐயா. கிண்டினா அந்தத் தாயின்ர நெஞ்சைக் கிண்டின மாதிரி. கிண்டாட்டி என்ர பிள்ளை வீட்டோட. சிசிலியா என்னோட கதைச்சு ஒன்பது நாள், சோத்துக் கோப்பையை மேசையில வைக்கிற சத்தம்தான் கதை.

ஆகையால் ஐயா, வீட்டுக்கு வெளியே உள்ள நகைக்குப் பொறுப்பில்லை என்ற விதியைத் தளர்த்தி, சேமக்காலையையும் எங்கள் வீட்டின் ஒரு பகுதியாகக் கணித்துப் புதுப்பித்துத் தரவும். எப்படியும் எல்லாரும் அங்கேதான் குடியிருக்கப் போகிறோம், சிலர் முந்திப் போயிருக்கிறார்கள், அவ்வளவே. தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும், கதவோடு கூடிய வீடும் ஆண்டவர் அருள்வாராக.

இங்ஙனம், பணிவுள்ள,
பே. அருட்பிரகாசம்
(இளைப்பாறிய சாமான் கிளாக்கர்)

பி.கு. தபால் நாளைக்குத்தான் போகுது, அதால இதையும் எழுதுறன். நேற்றுப் பின்னேரம் மனம் கேக்காமல் சேமக்காலைக்குப் போனன், உள்ளதைச் சொல்லி லூசியாவின்ர காலில விழுவம் எண்டு. வாய் திறக்கமுதல் அவ எழும்பி, சேலைத் தலைப்புக்குள்ள இருந்து மண் ஒட்டின ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து நீட்டினா. "கிளாக்கர் அண்ணை, நீங்கள் இதைப் புதைக்கேக்க நான் கடற்கரையில நிண்டனான், வள்ளம் வருதோ எண்டு பாத்துக்கொண்டு. உள்ள என்ன இருக்கெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். கொண்டுபோய்ப் பிள்ளையின்ர காரியத்தைப் பாருங்கோ. குருசை மட்டும் புடுங்காதேங்கோ, எனக்கு அழ ஒரு இடம் வேணும்" எண்டா. நான் அழுதுபோட்டன் ஐயா, வெக்கமில்லாமல். பேரை நல்ல எழுத்தில எழுதித் தாறன் எண்டன். "ஐயோ வேண்டாம் அண்ணை, பேரை எழுதினா அவன் வந்தாலும் வராமல் விட்டிடுவான்" எண்டா.

ஆகவே நகைக்குக் காப்புறுதி வேண்டாம், வெட்டிவிடவும். நகை இப்ப எங்க எண்டு இந்த முறை எழுதமாட்டன். வழியில இதைப் பிரிச்சு வாசிக்கிற ஐயாமாருக்கும் ஒரு சொல்: அந்தக் குருசடியைக் கிண்டாதேங்கோ. அதுக்குக் கீழ ஒருத்தரும் இல்லை எண்டுதான் அந்தத் தாய் நம்பிக்கொண்டிருக்கிறா.