காது என்று நினைத்து மூடினேன்

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பழி குளிர்மேல்தான். கோழி முட்டையிடவில்லையா, குளிர். சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறதா, குளிர். பக்கத்து வீட்டுக்கு வந்த மருமகன் முகம் கொடுத்துப் பேசவில்லையா, அவருக்கும் குளிர்தான் (பந்தியில் அவரை யாரும் கவனிக்காதது காரணமே இல்லை). அந்தக் குளிர் உடம்புக்குள் போக ஒரே வாசல், காது. காதை மூடியவன் பிழைத்தான். ராகலை மலையில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டாம், தாய்ப்பாலோடு வந்துவிடும். இந்த ஒரே அறிவை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு கம்பியூட்டரைச் சோதிக்கப் புறப்பட்டேன்.

என் மகள் புவனா கட்டடப் படம் வரையப் படித்தவள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாகச் சொல்லி, ஒரு கொழும்புக் கம்பெனி அவளுக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தது. வெறும் கோடாக இருக்கும் வீட்டு வரைபடத்தை அனுப்பியிருந்தார்கள். கட்டி முடித்த வீட்டைப் போட்டோ பிடித்த மாதிரி அதைப் படமாக்கித் திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். வேலை கிடைத்தால் பிள்ளை எங்களோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போய் ஏதாவது ஒரு கடையில் நாளெல்லாம் நிற்க வேண்டியதுதான். அவள் போகத் தயார். நான்தான் தயாரில்லை. இதை முருகனிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியும் வைத்திருந்தேன்.

அவளிடம் இருந்த பழைய மடிக்கணினி இந்த வேலைக்குத் தாங்காது என்றாள். ஆகவே சனிக்கிழமை நுவரெலியாவில் ஒரு கடைக்குப் போனோம். முதலாளி ஒரு பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். மத்தியானச் சோற்றுப் பெட்டி அளவுதான் இருக்கும்.

"மத்தது எங்கங்க?" என்றேன்.

"எது மத்தது? இவ்வளவுதாண்ணே."

"மூடி மாதிரியில்ல இருக்கு!"

புவனா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். "அப்பா, பெரிய பொட்டியெல்லாம் செய்யிற வேலைய இது செய்யும். பேசாம இருங்கப்பா."

பேசாமல் இருக்க நான் என்ன சும்மா ஆளா? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவன். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தால் மிச்சம் ஒன்றுமே நிற்காது போலிருந்தது. என் முகத்தைப் பார்த்த முதலாளி, "வீட்டுக்குக் கொண்டு போய் ஓட்டிப் பாருங்கண்ணே. சரியில்லேன்னா திங்கக்கிழம திருப்பிக் கொண்டாங்க" என்றார். (மனுசன் வாழ்நாளில் சொன்ன வார்த்தைகளில் மிகவும் நொந்துகொள்வது இதற்காகத்தான் இருக்கும்.)

"சோதிக்காம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை புவனா பெட்டியை எங்கள் டீவியோடு மாட்டினாள். நான் அதன் நெற்றியில் திருநீறு பூசி, "முருகா, உருவத்தைப் பார்த்து நான் சொன்னதை மனசில் வைக்காதே" என்று கும்பிட்டேன். பெட்டி கண் சிமிட்டுவதற்குள் எழுந்து நின்றது. வேகம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. புவனா வேலையை ஆரம்பித்துவைத்தாள்.

"இனி இது தானாப் படத்த உருவாக்கும். நான் அத்த வீட்டுக்குப் போயிட்டு வாறேன். யாரும் எதையும் அமத்திடாதீங்க."

அவள் போனதும் நானும் என் மனைவி லெச்சுமியும் எதிரில் உட்கார்ந்து காவல் காத்தோம். கொஞ்ச நேரத்தில் பெட்டி முனக ஆரம்பித்தது. வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. நான் மெதுவாகக் கை வைத்துப் பார்த்தேன். மேலே நெருப்பாகச் சுட்டது. உள்ளே நடுக்கம்.

"லெச்சுமி, இதுக்குக் குளிர் காய்ச்சல்!"

அவளும் தொட்டுப் பார்த்தாள். "ஆமாங்க, ஒடம்பு கொதிக்குது. மொனகுது பாருங்க, பாவம்."

குளிர் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோம்? போர்த்துவோம். சிவனொளிபாத மலை ஏறுவதற்காக நல்லதண்ணிக் கடைத்தெருவில் வாங்கிய கம்பளிக் குல்லா என் தலையில் இருந்தது. சாமி மலை ஏறி இறங்கிய குல்லா. கழற்றிப் பெட்டிக்குப் போட்டேன். அளவெடுத்துப் பின்னியது போல உட்கார்ந்தது.

"காத விட்டுட்டீங்களே" என்றாள் லெச்சுமி.

பார்த்தால், உண்மைதான். இரண்டு பக்கமும் சல்லடை மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள். குளிர் போகிற வழி அதுதானே! குல்லாவை நன்றாக இழுத்து இரண்டு காதையும் மூடினேன். இன்னும் கொஞ்சம் முனகியது. பிறகு அமைதியாகிவிட்டது. டீவியும் இருண்டது.

"தூங்கிருச்சு" என்றேன் நிம்மதியாக. குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போனேன் (குல்லா அடுப்பங்கரையில் காய்ந்தது போல அவ்வளவு இதமாக இருந்தது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்).

புவனா வந்து பார்த்து, பாதியில் நின்ற வேலையை மறுபடி தொடங்கிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் திரும்பி வந்தேன். மறுபடி முனகல். மறுபடி குல்லா. மறுபடி அமைதி. குல்லா மறுபடி என் தலைக்கு. நான் இதை மறைக்கவில்லை, ஆணையாகச் சொல்கிறேன். பிள்ளைக்குப் போர்த்திவிட்டதைப் பெற்றவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவானா?

ஈரத் தலையோடு வந்த புவனா டீவியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். "பொட்டி சரியில்லப்பா. வேல கூடினதும் நின்னு போயிருது. நாளைக்கு எப்பிடி அனுப்புவேன்?"

நம்பி ஒரு பொருள் வாங்கினால் இப்படியா ஏமாற்றுவார்கள்? நாளைக்கு அந்த முதலாளியை நான் நிறுக்கிற நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பே கிடையாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி, "கெட்ட சாமானக் குடுத்து எம் புள்ள வாழ்க்கைல வெளையாடுறீங்களா?" என்றேன். முதலாளி பெட்டியை மாட்டி, புவனாவின் வேலையையே ஓடவிட்டார். ஓடியது. நிற்காமல் ஓடியது.

"நல்லாத்தானேண்ணே ஓடுது?"

"இங்க ஓடும்! எங்க வீட்ல வச்ச மாதிரி வச்சுப் பாருங்க, தெரியும்!"

"எப்பிடி வச்சீங்க?"

நான் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினேன். பெட்டிக்குப் போட்டேன். இரண்டு காதையும் பக்குவமாக இழுத்து மூடினேன்.

கடை மொத்தமும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தது.

"அப்பா..." என்றாள் புவனா. அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "அப்பா, கழட்டுங்க."

"சும்மா இரு பாப்பா. சோதனைன்னா சோதனை!"

"இருக்கட்டும் தங்கச்சி" என்றார் முதலாளி. அவர் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. "அண்ணே சோதிக்கட்டும்."

எல்லாருக்கும் பிளேன் டீ வந்தது. குடித்துக்கொண்டே பார்த்தோம். டீ முடிகிற நேரத்தில் திரை பொட்டென்று இருண்டது.

"பாத்தீங்களா!" என்று நான் கையைத் தட்டினேன். "பாத்தீங்களா! நாஞ் சொன்னேன்ல?"

ஒருவரும் என்னோடு சேர்ந்து கை தட்டவில்லை. ஒரு அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

முதலாளி குல்லாவைக் கழற்றி மரியாதையோடு என் கையில் தந்தார். "அண்ணே, நீங்க மூடினது காது இல்ல, மூக்கு. அது மூச்சு விடுற எடம். சூடு தாங்காமத் தானா அணைஞ்சிருச்சு. பொட்டி பாஸ்ண்ணே. சோதிச்சவருதான் பெயில்."

முருகா, அந்த நிமிடமே மூடுபனி உள்ளே வந்து என்னை மட்டும் மறைத்துவிடக் கூடாதா என்று இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை; மாலைக்குள் படம் போயாக வேண்டும். "நான் கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க. எம் புள்ள இங்கயே ஒக்காந்து முடிக்கட்டுமா?" என்று கேட்டேன். அந்த நல்ல மனுசன் ஒரு மூலையில் மேசை போட்டுக் கொடுத்தார். புவனா வேலை செய்தாள். நான் வெறுந்தலையோடு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு (புவனாவின் உத்தரவு), வேலும் மயிலும் துணை என்று நின்றேன். பெட்டி முனகியது, சுட்டது, நடுங்கியது. நான் தொடவில்லை. வெயில் இறங்குமுன் படம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலை கிடைத்தது. பெட்டி இப்போது எங்கள் வீட்டில், சாமித் தட்டுக்குக் கீழே, காதும் மூக்கும் திறந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைச் சுவரில் 'குல்லா போட வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம். காரணம் கேட்பவர்களுக்கு முதலாளி டீ வாங்கிக் கொடுத்துக் கதை சொல்கிறாராம்.

இந்த வருசம் குடும்பமாகச் சிவனொளிபாத மலை ஏறினோம். உச்சிக்குக் கிட்ட காற்று வெட்டியது. அதே குல்லாவை நெற்றி, காது, முகம் என்று கழுத்துவரை இழுத்துவிட்டுப் படியில் கால் வைத்தேன். சனக்கூட்டத்துக்கு நடுவில், கீழ்ப்படியிலிருந்து என் மகள் குரல் வந்தது:

"அப்பா, மூக்கு! அணைஞ்சிரப் போறீங்க!"