எஸ்.ஐ. கேட்டது மைக்

காக்கிச் சட்டையைக் கண்டால், தலையில் ஹெல்மெட் இருக்கும்போதே இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ரகம் நான். ஒருமுறை காவிரிப் பாலத்தருகே, மறிக்காத போலீஸ்காரர் முன்னால் நானாகவே வண்டியை நிறுத்தியிருக்கிறேன். (பாவம், அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.)

அப்படிப்பட்டவன்தான், ஸ்ரீரங்கத்தில் என் மகள் நிவேதா படிக்கும் பள்ளியின் கூட்டத்தில், பெற்றோர் சார்பில் போலீஸைக் கேள்வி கேட்கக் கிளம்பினேன். போதைப்பொருள் விழிப்புணர்வுக்காக வாராவாரம் ஒரு பெண் எஸ்.ஐ. அங்கே வருவார். அதில் குறையில்லை. ஆனால் முந்தைய வாரம் அவருக்குப் பதிலாக வந்த காவலர்கள், பதினொன்றாம் வகுப்புப் பெண்களின் பைகளைக் கேட்காமல் கொள்ளாமல் பெஞ்சில் கொட்டிச் சோதித்தார்கள், பையன்கள் முன்னாலேயே. ஒரு பெண் அதற்கப்புறம் பள்ளிக்கே வரவில்லை.

"நீ கேளுப்பா. எங்களுக்கு அசிங்கமா இருந்துச்சுன்னு சொல்லு," என்றாள் நிவேதா.

"கேக்கறேனா இல்லையா பாரு!"

குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் யாரோடு சண்டை என்று விசாரித்தார்.

மேடையேறி, "காக்கிச் சட்டை வகுப்பறைக்குள் நுழையலாமா?" என்று முழங்கினேன். கைதட்டல். அது சட்டென்று நின்றது. எஸ்.ஐ. மேடையேறி வந்து, பதில் சொல்லக் கையை நீட்டினார்.

அவர் கேட்டது மைக். நான் கொடுத்தது லைசென்ஸ். கூடவே ஆர்.சி., இன்சூரன்ஸ்.

"பொல்யூஷன் சர்டிபிகேட் மட்டும் முடிஞ்சிருச்சு மேடம், நாளைக்கே எடுத்துடறேன்," என்று நான் கெஞ்சியதை, மறுகையிலிருந்த மைக் துவாக்குடிவரை கேட்கும்படி ஒலிபரப்பியது.

அரங்கமே சிரித்தது. எல்லாவற்றையும் என் சட்டைப்பையில் திருப்பி வைத்து, மைக்கை வாங்கிக்கொண்டார் எஸ்.ஐ. கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்கிவிட்டேன்.

மாணவிகள் நடுவிலிருந்து நிவேதா எழுந்தாள்.

"மேடம், நீங்க வர்றது எங்களுக்குப் புடிச்சிருக்கு. நீங்க வந்தப்புறம் ஸ்கூல் வாசல்ல எங்களை யாரும் கிண்டல் பண்றதில்ல. ஆனா போன வாரம் எங்க பையெல்லாம் கொட்டினாங்க. இனிமே லேடி போலீஸ்தான் பாக்கணும். எங்க டீச்சர் கூட இருக்கணும். எங்களைக் கேட்டுட்டுத் திறக்கணும். நாங்க ஸ்டூடண்ட்ஸ், அக்யூஸ்ட் இல்ல."

குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. சிரித்தவர்கள் அடங்கினார்கள்.

"நடந்தது தப்புதாம்மா. நீ சொன்னபடியே செய்வோம்," என்றார் எஸ்.ஐ., மைக்கிலேயே. அப்படியே செய்தார்கள். வராமலிருந்த அந்தப் பெண்ணும் பள்ளிக்குத் திரும்பினாள்.

அன்று கூட்டம் முடிந்ததும் எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை. வாசலில் எஸ்.ஐ.யைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போலீஸ் அதிகாரி முன் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"என் பொண்ணு, மேடம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மனைவி இன்றுவரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பூரிப்போடு சொல்லிக்காட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டார்:

"அப்படிங்களா சார்? அவங்க அம்மா எந்த ஸ்டேஷன்ல இருக்காங்க?"