என் பைஜாமாவுக்கு நீ சொன்ன பொருள்

ஷுப்ரா, கெய்ரோ

என் தங்கை மகனும் பெரிய இலக்கிய விமர்சகனுமான வஜ்திக்கு, மாமா பஹ்ஜத் எழுதுவது. இங்கே நானும் உன் மாமி இனாயாத்தும் உயிரோடு இருக்கிறோம், மானம்தான் போய்விட்டது. உன் நலத்தை இன்று விசாரிப்பதாக இல்லை.

எங்கள் எதிர் பால்கனி நாவலாசிரியர் ராகிப், பச்சைக் கோடு போட்ட பைஜாமாவில் பொழுதெல்லாம் தேநீர் குடிக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரைத் தன் கதையில் எழுதினார். எழுதட்டும். அதற்கு நீ பத்திரிகையில் நாலு பக்கம் பொருள் சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கோடுகள் சிறைக்கம்பிகளாம்! முப்பது வருட அரசாங்க உத்தியோகம் மனிதனைப் பூட்டிவைத்ததன் அடையாளமாம்! அடே, அது மாமி தள்ளுபடியில் வாங்கிய துணி. மிச்சத்தில் தலையணை உறை தைத்தாள். தலையணை என்ன குற்றம் செய்து உள்ளே போனது? மூன்றாவது பொத்தான் இல்லாதது இழந்த இளமையாம். அது மொலோகியாக் கீரைக்குள் விழுந்தது, நான் கடித்தேன், இழந்தது பல்லைத்தான். கதையில் வரும் பக்கத்து வீட்டு ஹுஸ்னாவின் கறுப்புப் போர்வையைக் 'காலங்காலமான துக்கம்' என்றாய். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "துக்கமாவது மண்ணாவது! அழுக்கு தெரியாதுன்னு கறுப்பு போடுறேன். அந்தப் புள்ளய ஒரு நாள் வந்து இந்த மாடிப்படியைக் கழுவச் சொல்லுங்க" என்றாள். வேலையில்லாதவன் பூனையைப் பிடித்துச் சிரைத்தானாம். உன் விமர்சனம் அந்த ரகம்.

எங்கள் தெருவில் பச்சைக் கோடு எனக்கு மட்டும்தான். காய்கறி வண்டிக்காரன் தர்வீஷ் கீழே நின்று கத்துகிறான்: "பஹ்ஜத் ஐயா, விடுதலை எப்போ? உள்ளே சாப்பிட ஒரு கிலோ வெண்டைக்காய் கட்டட்டுமா?" இதையும் பொறுப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை நம் ஸுஹைரைப் பெண் கேட்டு அப்பாஸியாவிலிருந்து ஹில்மி குடும்பம் வருகிறது. பையனின் அப்பா ஹில்மி ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், கௌரவம் பார்ப்பவர். பெண்ணின் அப்பா பொத்தான் இல்லாத கைதி என்று தெரிந்தால் காப்பியைக்கூடத் தொடமாட்டார். "அப்பா, அவங்க வர்றப்போ பால்கனிப் பக்கம் தலை காட்டாதீங்க" என்று ஸுஹைர் அழுகிறாள்.

ஆகவே உடனே மறுப்பு போடு: கோடு என்றால் கோடு, பைஜாமா தூங்குவதற்கு, அந்தக் குமாஸ்தா என் மாமா அல்ல.

ஆண்டவன் உன் பேனாவுக்கு ஓய்வும் உனக்குப் புத்தியும் அருளட்டும். உன் அம்மாவுக்கு என் சலாம்.

பஹ்ஜத்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஃபாத்திஹா ஓதிச் சம்பந்தம் முடிவாயிற்று, ஸுஹைர் சிரிக்கிறாள். ஆனால் ஹில்மி உன் கட்டுரையைப் பையிலிருந்து எடுத்து, கண்ணீரோடு படித்தார். "சம்பந்தி, எங்கிட்டயும் இதே பச்சைக் கோடு பைஜாமாதான். அந்த முப்பது வருஷச் சிறை நான்தான். உங்க எதிர்வீட்டு எழுத்தாளர் என்னை எங்கயோ பாத்திருக்காரு" என்கிறார்! என்ன துணிச்சல்! மறுப்பு வேண்டாம். கோடுகள் சிறைக்கம்பிகளேதான். கைதி நான்தான் என்று வீட்டு எண்ணோடு பெரிய எழுத்தில் போடு.