அறுநூறு கண்கண்ட சாட்சிகள்

இந்த டிசம்பரில் எந்த சபாவின் வாசலையும் மிதிப்பதில்லை என்று வெங்கடரமணன் சபதம் எடுத்தார். சத்தமாக அல்ல. மயிலாப்பூர் ஃபிளாட்டில், குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மனசுக்குள். கல்யாணமான ஆண்கள் வீர சபதம் எடுக்கும் முறை அதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் டிசம்பரில் இருபது நாள் லீவு போடுகிறார். இன்சூரன்ஸ் ஆபீஸில் அவரை மகா ரசிகர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரசிகை அவர் மனைவி ஸ்ரீரஞ்சனி. இவருக்கு இரண்டே வேலை. முதலில் போய் மூன்றாவது வரிசையில் கைக்குட்டை விரித்து இடம் பிடிப்பது. அப்புறம் கேன்டீனில் மேஜை பிடிப்பது. பைரவிக்கும் முகாரிக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பார். ரவா தோசையை மட்டும் முகர்ந்து பார்த்தே எந்தச் சமையல்காரர் கை என்று சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் வீட்டுக்குக் கேபிள் டி.வி. வந்திருந்தது. அதில் விடிய விடிய கிரிக்கெட் வந்தது. இருபது நாள் லீவு, ஒரு சோபா, ஒரு கிண்ணம் வறுத்த கடலை. மோட்சத்துக்கு வேறு என்ன வேண்டும்? மனைவியின் அனுமதி வேண்டும்.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. அவருடைய துப்பறியும் சிறுகதைகள் இரண்டை வெளியிட்ட ஆழ்வார்பேட்டை வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அய்யாதுரை, இப்போது தொடர்கதையே கேட்டுவிட்டார்.

"ரஞ்சனி, இந்த வருஷம் கச்சேரிக்கு என்னால வரமுடியாது போலிருக்கு. தொடர்கதை எழுதணும். ஆத்துல தனியா உட்கார்ந்து யோசிச்சாத்தான் வரும்."

"சரி."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரே சொல்லோடு நிறுத்தியதில்லை. அந்த அமைதியில் அவருக்கு உதறல் எடுத்தது. உதறல் எடுத்தால் அதிகம் பேசிவிடுவார்.

"உனக்குப் பிடிச்ச விஷயம்தான். சங்கீத உலகத்துல ஒரு கொலை. மேடையிலேயே பாடகர் காலி. பிரைவேட் டிடெக்டிவ் வந்து கண்டுபிடிக்கறான்."

"சங்கீதத்தப் பத்தி நீங்க எழுதப்போறேளா?"

"ஏன், இருபத்திரண்டு வருஷம் சபா சபாவா அலைஞ்சிருக்கேனே. எல்லாம் தலைக்குள்ள இருக்கு. இனிமே புதுசா போய்ப் பார்க்க ஒண்ணுமில்ல."

"அதுவும் சரிதான். எழுதினதும் காட்டுங்கோ."

எழுதினார். காட்டினார். துப்பறியும் பரத்வாஜ் தோல் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தான். சென்னையில் வேர்க்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கொலை நடப்பது தனி ஆவர்த்தனத்தின்போது, அதாவது பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் முழங்கும் அந்தக் கால்மணி நேரத்தில். யாரோ மேடையேறி, வித்வான் ஸ்ரீரங்கன் குடிக்கும் ஃபிளாஸ்க்கை மாற்றிவிடுகிறான். 'ஹாலில் அறுநூறு பேர் கண்கொட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுநூறு கண்கண்ட சாட்சிகள். கொலைகாரன் தப்பவே முடியாது' என்கிறான் பரத்வாஜ். வாரத்துக்கு நாலு சாட்சியை விசாரித்தால் மூன்று வருஷம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் வெங்கடரமணன்.

ஸ்ரீரஞ்சனி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தாள். ஒரே ஒரு இடத்தில் உதட்டோரம் துடித்தது.

"நன்னாயிருக்கு. ஒரு வரி மாத்தாம அனுப்புங்கோ."

அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் துப்பறியும் கதை எழுதுகிற ஆண்களுக்கு ஊரார் மேல்தான் சந்தேகம் வரும். சொந்த வீட்டில் மூளை செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

பத்திரிகை வெளிவந்த வாரமே லீவும் ஆரம்பித்தது. ஸ்ரீரஞ்சனி மாடி ஃபிளாட் சாருலதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சபாவுக்குக் கிளம்பினாள். போகும்போது ஹாட்பாக்கில் உப்புமா வேறு வைத்துவிட்டுப் போனாள். மூன்று நாள் வெங்கடரமணன் சோபாவைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நான்காம் நாள் காலை டெலிபோன் அடித்தது.

"சார், அய்யாதுரை பேசுதேன். மோசம் போயிட்டோம்."

"என்ன ஆச்சு?"

"போஸ்ட் கார்டா வந்து குமியுது சார். நூத்துப் பதினேழு. அம்புட்டும் மயிலாப்பூரு, மந்தைவெளி, அடையாறு. ஒண்ணு வாசிக்கேன், கேளுங்க. 'தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் அறுநூறு பேரும் கேன்டீனில் இருப்பார்கள். ஹாலில் மிஞ்சுவது மிருதங்கக்காரரின் மாமனார் மட்டுமே. பரத்வாஜ் விசாரிக்க வேண்டியது போண்டா போடுகிறவரை.'"

வெங்கடரமணனுக்கு இது புதுச் செய்தி. தனி தொடங்கப் போகிறது என்று தெரிந்ததுமே முதல் ஆளாக நழுவி மேஜை பிடிப்பது அவர் வழக்கம். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் கேன்டீனுக்கு வரும். கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அவர்கள் காபி குடித்துவிட்டு மறுபடி உள்ளே போவது அடுத்த கச்சேரிக்கு என்று நினைத்துக்கொள்வார். பாதியில் ஓடிவரும் பாவி தான் ஒருத்தன்தான் என்று இருபத்திரண்டு வருஷம் குற்ற உணர்ச்சியோடு போண்டா தின்ற மனிதர்.

"நான் திருநெல்வேலிக்காரன், எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. உங்களுக்குமா தெரியாது சார்?"

"அது ஒரு சின்னப் பிழை..."

"சின்னப் பிழையா? முதலாளி கதைய நிப்பாட்டுங்காரு. நான் கெஞ்சிக் கூத்தாடி வாக்குக் குடுத்திருக்கேன். நாளையிலேர்ந்து நீங்க தினமும் சபாவுக்குப் போகணும். மங்களம் பாடற வரைக்கும் நகரப்படாது. விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் அத்தியாயம் அச்சுக்குப் போகும். ஆளும் அமைஞ்சாச்சு."

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான். நேத்து ஆபீசுக்கே வந்திருந்தாங்க. என்ன ஞானம் சார்."

சாயங்காலம் வெங்கடரமணன் விசாரணையைத் தொடங்கினார்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எல்லாம் தலைக்குள்ள இருக்குன்னேளே. அதுக்குள்ள நான் எப்படிக் கையவிட்டுத் துழாவறது?"

"கார்டெல்லாம் யார் ஏற்பாடு?"

"சாருலதா நூத்தியிருபது கார்டு வாங்கிண்டு வந்தா. தனி நடக்கறச்சே கேன்டீன் க்யூல நிக்கறவாளுக்கு நான் கதையப் படிச்சுக் காட்டினேன். பொழுது போகணுமோல்லியோ."

"நூத்துப் பதினேழுதான் வந்திருக்கு. பாக்கி மூணு?"

"ரெண்டு பேர்கிட்ட பேனா இல்ல. இன்னொருத்தர் சபா செக்ரட்டரி. தனிக்கு ஹால் நிறைஞ்சிருந்துதுன்னு எழுதின ஒரே மகான் உங்காத்துக்காரர்தான்னு கண்ணுல ஜலம் விட்டார். அவரப் போய்க் குறை எழுதச் சொல்ல மனசு வரல."

மறுநாள் முதல் வெங்கடரமணன் மறுபடி மூன்றாவது வரிசையில். முன்பாவது நடுவில் ஒரு போண்டா உண்டு. இப்போது அதுவும் போச்சு. தனி ஆரம்பித்ததும் ஸ்ரீரஞ்சனி எழுந்தாள். அவரும் எழுந்தார்.

"நீங்க எங்க வரேள்? ஹால்ல என்ன நடக்கறதுன்னு பரத்வாஜ் பார்க்கணுமே. உட்காருங்கோ."

உட்கார்ந்தார். மிருதங்கக்காரரின் மாமனார் மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்து, கூட ஓர் ஆள் கிடைத்த ஆச்சரியத்தில் கும்பிடு போட்டார்.

பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் புத்தி வேலை செய்தது. கதை இருந்தால்தானே ஆராய்ச்சி? ஸ்ரீரஞ்சனி சபாவில் சங்கீத லெக்சர் கேட்கப் போன காலைப்பொழுதில் நாலாம் அத்தியாயத்தை மின்னல் வேகத்தில் முடித்தார். யாரும் கேட்காமலேயே கொலைகாரன் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான். பரத்வாஜ் விலங்கு மாட்டினான். கீழே 'முற்றும்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஆட்டோ பிடித்து, அய்யாதுரை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். லீவில் இன்னும் ஐந்து நாள் பாக்கி. ஒரு டெஸ்ட் மேட்ச் முழுசாகப் பார்க்கலாம்.

பத்திரிகை வந்த காலை, சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, தன் கையால் முடித்த கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

'விலங்கை நீட்டிய பரத்வாஜின் கையைத் தட்டிவிட்டு, கொலைகாரன் எழும்பூரில் ஓடுகிற ரயிலில் தொற்றிக்கொண்டான். (தொடரும்)'

"இது நான் எழுதலயே."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரிய மட்டும் மாத்தினேன்" என்றாள் ஸ்ரீரஞ்சனி, காபியை நீட்டியபடி. "அவ்வளவு பெரிய கொலைகாரன் அப்படி அசடாட்டம் வந்து மாட்டிப்பானா?"

"எங்க ஓடறான் அவன்?"

"திருவையாறுக்கு. ஆராதனைக் கச்சேரி நடக்கற அஞ்சு நாளும் அங்கதான் ஒளிஞ்சிண்டு இருக்கப்போறான். தேடறதுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் அய்யாதுரை டிக்கெட் எடுத்தாச்சு."