3200 என்று ஒட்டிய மெமரியும் என் வாயும்

வில்யரிக்கா,
ஜூன் 18

என் மகள் மிர்த்தாவின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவரும், அந்த உரிமையில் எனக்குக் கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேலானவருமான கொம்பாத்ரே தோன் அனிபால் அவர்களுக்கு,

வில்பிரிதோ மரியாதையோடு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி நில்தாவும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் துணைவி கொமாத்ரே எமெரித்தாவும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் கம்ப்யூட்டர் சாமான் கடையில் வியாபாரம் குறையாமல் நடக்க வேண்டும், எல்லைப் பாலத்தில் லாரி நெரிசல் சற்றுக் குறைய வேண்டும். இரண்டு வாரமாக நீங்கள் என் போனை எடுக்காததால் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் நானாக வேண்டிக்கொள்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்தவன் நான், பழுது அறிக்கை என்றால் முதலிலிருந்துதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றபின் நான் விமானம் ஓட்டுகிறேன், கம்ப்யூட்டரில்தான், ஆனாலும் விமானம் விமானம்தானே. அது இப்பக்கராய் ஏரிக்கு மேலே வரும்போதெல்லாம் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும், இறக்கைக்குக் கீழே தண்ணீர்கூட அசையாது. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நீங்கள் என் பிறந்த நாளுக்கு உங்கள் கடையிலிருந்து இரண்டு மெமரிப் பட்டைகள் கொண்டுவந்தீர்கள். மேலே 3200 என்று ஸ்டிக்கர். நான் மாட்டினேன். வேகம் பார்க்கிற புரோகிராம் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். அது 1066 என்றது. கொம்பாத்ரே, மூன்றில் ஒரு பங்கு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முற்றத்தில், நெருப்பில் விலா எலும்பு வெந்துகொண்டிருக்கையில், பன்னிரண்டு பேர் நடுவில், "3200ன்னு ஒட்டி 1066 குடுக்கிறாரு என் கொம்பாத்ரே. உறவுக்காரனுக்கே இப்படின்னா பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து வர்றவனுக்கு என்னத்தக் குடுப்பாரோ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லைச் சரக்கு என்றாலே முதலில் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்க்கிற ஊர் இது, நம் ஊரில் செருப்பு வாங்கினாலும் அப்படித்தான். நீங்கள் கத்தியைத் தட்டில் வைத்து, "கொம்பாத்ரே, என் கடையில ஸ்டிக்கர் ஒட்டுற ஆள் கெடையாது" என்று மட்டும் சொல்லி, கறி வேகுமுன் எழுந்து போனீர்கள். கறி வேகுமுன் எழுந்து போனவரை இந்த முற்றம் அதுவரை கண்டதில்லை.

அன்று சாயங்காலமே நில்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். "சான் ஹுவான் விழாவுக்கு யாரோட சேர்ந்து சீட்டாடப் போற? கோயில் மரத்தோடயா?" என்றாள். பதினெட்டு வருஷமாகக் கோயில் முற்றத்தில் ட்ரூக்கோ சீட்டு ஆடுகையில் என் கூட்டாளியாக எதிரே உட்கார்ந்து, கையிலிருக்கும் சீட்டைப் புருவத்தாலேயே எனக்குச் சொன்னவர் நீங்கள். உங்கள் முகத்தைப் போல வேறு யார் முகத்தையும் எனக்குப் படிக்கத் தெரியாது, நில்தாவின் முகம் உட்பட. சரி, நான் சொன்னது உண்மைதானா என்றாவது பார்ப்போம் என்று மேஜையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, உண்மையைச் சொல்கிறேன், கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. எனக்கு அது சுவாரஸ்யமாகிவிட்டது.

முதலில் ஸ்டிக்கரைக் கெட்டில் ஆவியில் காட்டி உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். இல்லை. வெறும் பச்சைத் தகடு. சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன், இரண்டும் ஒரே எடை, அதனால் என்ன தெரியவந்தது என்று கேட்காதீர்கள். பிறகு மதர்போர்டோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். நான்கு வருஷமாக அது ஆடுகிற கட்டிலின் காலடியில் இருந்தது, அன்றிலிருந்து கட்டில் மறுபடி ஆடுகிறது. அதில் போட்டிருக்கிறது: நான்கு இடங்களில் இரண்டு பட்டைதான் போடுவதென்றால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு என்று. நான் முதலாவதிலும் இரண்டாவதிலும் நெருக்கியடித்துப் போட்டிருந்தேன். போதாததற்கு மூன்றாவதில் பழைய பட்டை ஒன்று, தூக்கிப்போட மனசு வராமல், இருக்கட்டுமே என்று விட்டிருந்தேன். புத்தகம் என்ன சொல்கிறது தெரியுமா, பல வேகத்துப் பட்டைகள் சேர்ந்தால் இருப்பதிலேயே மெதுவானதன் வேகத்துக்குத்தான் எல்லாம் நடக்குமாம். ஒரே குவளையைக் கைமாற்றிக் குடிக்கிற தெரெரே சுற்றில் நம்ம தபால்கார பெனிக்னோ உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோமே, அதேதான். எனக்கு ஒரே சந்தோஷம். பழையதைக் கழற்றினேன், புதியதை இடம் மாற்றினேன், மிஷினைப் போட்டேன். 1066.

அடுத்து என்ன பண்ணினேன்னா, மிர்த்தாவுக்குப் போன் பண்ணினேன். அவ புவனோஸ் ஐரெஸில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தா. "அப்பா, நான் நர்ஸு, மெக்கானிக் இல்ல"ன்னா. சொல்லிட்டு அவளே அங்க ஸ்கேன் மிஷின் பார்க்கிற பையன்கிட்ட கேட்டு சாயங்காலம் கூப்பிட்டா. "அந்த புரோகிராம் காட்டுறதை ரெண்டால பெருக்கணுமாம்பா. ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை வேலை செய்யுமாம்"ன்னா. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. ரெண்டு பேர் பிடிச்சு இழுக்கிற ரம்பம் போகையிலும் அறுக்கும் வருகையிலும் அறுக்கும், அந்த புரோகிராம் போறதை மட்டும் எண்ணுது. அப்போ 1066 இல்ல, 2133. அந்த இடத்திலேயே நான் சொன்ன குத்தத்தில் பாதி கழிஞ்சுபோச்சு, கொம்பாத்ரே, அதை நீங்க கவனிக்கணும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மீதிப் பாதி எங்கே போனது என்கிற அரிப்பு வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த மீதி புத்தகத்தின் நாற்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. மெமரிக்கு இரண்டு வேகமாம். ஒன்று எந்த மிஷினிலும் விழாமல் நடக்கிற பத்திரமான வேகம், அதுதான் 2133. இன்னொன்று அது உண்மையிலேயே ஓடக்கூடிய வேகம், 3200. ஆனால் சொந்தக்காரன் வந்து சம்மதம் என்று செட்டிங்கில் சொல்கிற வரைக்கும் அது ஓடாதாம். பெரிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற கூட்டாளி கண் காட்டட்டும் என்று மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறது பாவம். நான் கண்ணைக் காட்டவேயில்லை, ஊரைக் கூட்டித் திருடன் என்றேன். அந்த செட்டிங்குக்குள் போவதும் லேசில்லை. மிஷின் விழிக்கிற நொடியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், எனக்கு ஒவ்வொரு தடவையும் பிந்திப்போகும். நில்தாதான் மேளம் தட்டுகிறவளைப் போல டொக்டொக்கென்று அழுத்தி உள்ளே நுழைந்தாள். "இதைத் தட்டினா போதுமா? இதுக்கா ரெண்டு வாரம்?" என்றாள். சம்மதம் என்று கொடுத்தோம். புரோகிராம் 1600 என்றது. இரண்டால் பெருக்கினேன். தாளில் எழுதியும் பெருக்கினேன். ஏரிக்கு மேலே விமானம் நிற்காமல் போனது, கீழே படகுகூடத் தெரிந்தது. நான் அழுதேன் என்று நில்தா சொல்வாள், அவளை நம்பாதீர்கள்.

ஆகவே கொம்பாத்ரே, உங்கள் மெமரி நல்ல மெமரி, ஸ்டிக்கர் சொன்னது சத்தியம், பிசகு என் மதர்போர்டிலும் என் கூட்டல் கழித்தலிலும் என் வாயிலும். மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். இது நமக்குள் இருக்கட்டும். நான் இந்த ஊரில் டெலிபோன் கம்பத்தில் ஏறியவன், மின்சாரச் சமாச்சாரம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். சனிக்கிழமை விழாவுக்கு வாருங்கள், ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து ஆடுவோம், ஊர் தானாக மறந்துவிடும். மெமரி பற்றி நான் இப்போது விரிவாக எழுதியது உங்கள் கடை வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும், எடுத்துச் சொல்லுங்கள்.

கக்குப்பே மாதா உங்கள் வீட்டையும் கடையையும் காக்கட்டும். கொமாத்ரேயின் முழங்கால் வலி தீரட்டும். நில்தா தன் அன்பைச் சொல்கிறாள், மிர்த்தா தன் ஞானத்தகப்பனின் கையை முத்தமிடுகிறாள்.

இப்படிக்கு உங்கள் கொம்பாத்ரே,
வில்பிரிதோ ஓர்த்தெயாதோ

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது பஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்தது, நீங்கள் அனுப்பிய பார்சல் வந்திருக்கிறது என்று. ஓடிப்போய் வாங்கிவந்தேன். கம்பளிக் காலுறைக்குள் இரண்டு மெமரிப் பட்டைகள், ஒரு சீட்டு: "கொம்பாத்ரே, இது சரியா ஓடும், நான் பார்த்தது. அதைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டுங்க." பட்டைகளில் தூசி. நில்தா கொமாத்ரேக்குப் போன் போட்டாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தன் மிஷின்லேர்ந்து கழட்டி அனுப்பிட்டாரு. மூணு நாளா அது தொறந்து கெடக்கு, ஆன் பண்ணினா கீச்சு கீச்சுன்னு கத்துது. ஒரு செட்டிங்கைத் தட்டினா சரியாயிடும்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். 'நான் போயி தட்டிக் காட்டினா பன்னெண்டு பேர் முன்னாடி அவரு முகம் என்னாவுறது? அதுக்கு நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்'னாரு."

இருபது வருஷமாக மெமரி விற்கிறவருக்கு நான் இத்தனை பக்கம் மெமரி பாடம் எடுத்திருக்கிறேன். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். முக்கியமாக அந்த வேண்டுகோளை. சும்மா இருக்க முடியாமல் நான்கு பட்டையையும் சேர்த்து மாட்டிப் பார்த்தேன், மறுபடி 1066க்கு வந்து நிற்கிறது, அது கிடக்கட்டும். உங்களுடையதைக் கழற்றி அதே காலுறையில் வைத்திருக்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் நானே வருகிறேன், உங்கள் மிஷினில் என் கையால் மாட்டுகிறேன், பிறகு இருவருமாகத் திரும்பி வருவோம். சனிக்கிழமை அந்தப் பன்னிரண்டு பேரையும் நிறுத்திவைத்து நான் சத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்போது நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும்.